சுவர் பார்த்து நிற்கவும்

காண்ட்ராக்டர் சாய்மானத்துக்குத் தர வேண்டியது பதினெட்டாயிரத்து அறுநூற்று நாற்பது. இதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. சாய்மானத்துக்குக் கிடையாது, அவர் பெண்டாட்டிக்குக் கிடையாது, காண்ட்ராக்டருக்கே கிடையாது. "குடுக்கணும்தான், இல்லேன்னு நான் சொன்னேனா?" என்று அவரே நாலு பேர் முன்னால் பல தடவை சொல்லியிருக்கிறார். சொல்வதில் அவருக்கு ஒருநாளும் சிரமம் இருந்ததில்லை.

மூட்டை தூக்கித் தூக்கி வலது தோள் இடது தோளைவிட நாலு விரல் இறங்கிப்போன ஆள் என்பதால் கிடங்கில் அவருக்குச் சாய்மானம் என்று பெயர். நேராக நின்றாலும் எதன் மேலோ சாய்ந்து நிற்பது போலத் தெரியும். மழைக்காலம் முழுக்க அந்தக் காண்ட்ராக்டருக்குச் சிமெண்டு மூட்டை இறக்கிய கூலிதான் இந்தத் தொகை. பில் பாஸாகட்டும், தந்துவிடுகிறேன் என்றார். பில் பாஸானது. காண்ட்ராக்டர் வீட்டுக்கு மாடி வந்தது. கூலி வரவில்லை.

அந்தக் காசு எங்கே போக வேண்டும் என்பதும் முடிவான விஷயம். சாய்மானத்தின் பெண்டாட்டி துணிக் கம்பெனியில் சட்டையில் தொங்கும் நூல்களை வெட்டும் வேலை செய்கிறவள். கத்தரிக்கோலை எடுத்து வெட்டிக் கீழே வைத்து மறுபடி எடுப்பதற்குள் அடுத்த சட்டை வந்து விழுந்துவிடும். அதனால் அங்கே எல்லாப் பெண்களும் பல்லால்தான் கடித்து எடுப்பார்கள். ஒரு ஆயுசுக்கு நூல் கடித்ததில் அவள் பல்லெல்லாம் ஆடி, சீழ் பிடித்து, கடைசியில் எல்லாவற்றையும் பிடுங்கியாயிற்று. இப்போது கத்தரிக்கோல்தான். சட்டைக் கணக்கு பாதியாகிவிட்டது, கூலியும் பாதி. பல் கட்டுகிறவர் அளவெடுத்து மேல் வரிசை, கீழ் வரிசை இரண்டையும் செய்து முடித்து, பணம் கொண்டுவந்தால் எடுத்துப்போகலாம் என்று ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு அலமாரியில் வைத்துவிட்டார். டப்பாவின் மேல் 'மூட்டைக்காரர் வீட்டம்மா' என்று ஒரு சீட்டு. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அவள் கண்ணாடிக் கதவு வழியாக அதை எட்டிப் பார்ப்பாள்.

"என் பல்லு என்னைப் பாத்துச் சிரிக்குது. நான்தான் திருப்பிச் சிரிக்க முடியல" என்பாள், வாயைக் கையால் பொத்திக்கொண்டு.

கூலித் தகராறு மன்றத்தில் போய் ஒரு மனு கொடு, வக்கீல் வேண்டாம், செலவு வேண்டாம், எல்லாம் கம்ப்யூட்டர், ஒரு வாரத்தில் தீர்ந்துவிடும் என்று கிடங்கில் யாரோ சொன்னார்கள். சொன்னவர் அங்கே போனதில்லை.

மன்றம் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருந்தது. படிக்கட்டு மூலைகளில் எச்சில் காய்ந்து பட்டை பட்டையாகக் கிடந்தது. கழிப்பறைக்குப் பூட்டு. சாவி பாதுகாப்புப் பிரிவில் இருந்தது, பூட்டுக்கு வெளியே நாற்றம் இருந்தது. விசாரணை அறை வாசலில் பெரிய பலகை: 'இங்கே சொல்லப்படும் ஒவ்வொரு சொல்லும் பதிவாகிறது.' உள்ளே கூரையிலிருந்து நாலு மைக்குகள் தலைகீழாகத் தொங்கின. மூலையில் ஒரு இரும்புக் கூண்டு, கூண்டுக்குள் கம்ப்யூட்டர். அதில் தெரிவது சுவரில் மாட்டிய பெரிய திரையிலும் தெரியும். கூண்டைப் பார்த்ததும் சாய்மானத்துக்கு நம்பிக்கை வந்தது. இவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறார்கள் என்றால் உள்ளே ஏதோ இருக்கத்தான் வேண்டும்.

முதல் நாள் நடந்ததைச் சொன்னால் மற்ற நாள்களைச் சொல்ல வேண்டியதில்லை.

நடுவர் வந்து உட்கார்ந்தார். வலது பக்கம் பதிவுப் பிரிவின் அதிகாரியம்மா. இடது பக்கம் பாதுகாப்புப் பிரிவின் அதிகாரி. கழுத்தில் மூன்று அடையாள அட்டை, இடுப்பில் ஒரு கொத்துச் சாவி. பியூன் எழுந்து, "மூட்டை இறக்கிய கூலி வழக்கு! வாதி வந்திருக்காரா?" என்று கூவினார். வந்திருக்கிறேன் என்று சாய்மானம் எழுந்தார். அதைப் பதிவு ஆரம்பித்த பிறகு சொல்ல வேண்டும், இப்போது சும்மா இருங்கள் என்றார் பியூன்.

பாதுகாப்பு அதிகாரி கூண்டைத் திறந்து, கம்ப்யூட்டரை எழுப்பி, பையிலிருந்து அரக்கு வைத்த ஒரு உறையை எடுத்தார். அதில்தான் அன்றைய பாஸ்வேர்டு. தினம் ஒரு புது உறை.

"எல்லாரும் சுவர் பார்த்து நிற்கவும்."

அறையில் இருந்த அத்தனை பேரும் எழுந்து சுவர் பக்கம் திரும்பினார்கள். காண்ட்ராக்டர் திரும்பினார். அதிகாரியம்மா திரும்பினார். நடுவரும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, பின்னால் இருந்த சுவரோடு மூக்கு உரச நின்றார். நியாயம் கேட்டு வந்த இடத்தில் நியாயம் சொல்கிறவரே தண்டனை வாங்கின பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி நிற்பதைச் சாய்மானம் ஓரக்கண்ணால் பார்த்தார். "கண்ணு சுவத்துல" என்று அதிகாரி அதட்டினார். சாய்மானத்துக்கு வாய்த்த சுவரில் ஈரம் ஊறி ஒரு கறை. ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்கும் நாய் மாதிரி இருந்தது. பின்னால் டொக்கு டொக்கென்று தட்டும் சத்தம். பிறகு உறையைச் சுக்குநூறாகக் கிழிக்கும் சத்தம். "திரும்பலாம்."

திரும்பினார்கள். திரையில் ஒரு பெட்டி வந்திருந்தது: 'பதிவு மென்பொருள் தானாகத் தொடங்க முயல்கிறது. அனுமதிக்கலாமா? ஆம். இல்லை.'

யாரும் அசையவில்லை. பாதுகாப்பு அதிகாரி அதிகாரியம்மாவைப் பார்த்தார். அதிகாரியம்மா கூரையைப் பார்த்தார். நடுவர் மாத்திரை டப்பாவைத் திறந்து ஒன்றைப் போட்டுக்கொண்டார். சாய்மானம் பக்கத்தில் இருந்தவரிடம் என்ன விஷயம் என்று கேட்க வாயெடுத்தபோது அதிகாரியம்மா பேச ஆரம்பித்தார்.

"கை வச்சு ஆரம்பிச்சா அதுக்குப் பேர் பதிவு இல்ல. எப்ப ஆரம்பிக்கணும்னு ஒரு மனுஷன் முடிவு பண்ணினா, எதை விடணும்னும் அவன்தான் முடிவு பண்றான். மெஷின் எழுந்ததும் பதிவும் தானா எழுந்துக்கணும், நடுவுல ஒரு விரல்கூடப் படக்கூடாது. இந்த மெஷின் வந்த நாள்லேருந்து இதைக் காப்பாத்திட்டு வரேன். கறைபட்ட பதிவுன்னு எங்ககிட்ட ஒண்ணுகூடக் கிடையாது."

கறைபடாத பதிவு எத்தனை இருக்கிறது என்று சாய்மானம் பிறகு பியூனிடம் விசாரித்தார். பதிவே கிடையாது என்றார் பியூன்.

பாதுகாப்பு அதிகாரி உட்கார்ந்தபடியே பதில் சொன்னார். "ராத்திரி உங்க வீட்டுல யாரும் கூப்பிடாம எழுந்து நடமாடறது எது? திருடன். கம்ப்யூட்டர்லயும் அப்படித்தான். தானா ஆரம்பிக்கிற எதையும் நான் வைரஸ்னுதான் நினைப்பேன். இவங்க பதிவா இருந்தாலும் சரி, எங்கப்பாவே உள்ள உக்காந்திருந்தாலும் சரி. ஒரு ஆள் பொறுப்பேத்து 'ஆம்'னு அமுக்கட்டும். அந்த ஆள் நானா இருக்க முடியாது. ஏன்னா பொறுப்பு என்னோடது."

'ஆம்' என்று அமுக்கினால் பதிவுப் பிரிவின் விதி உடைகிறது. 'இல்லை' என்று அமுக்கினால் பதிவே இல்லை. எதையும் அமுக்காவிட்டால் சற்று நேரத்தில் திரை தானாகவே இருண்டுபோகும். அது பாதுகாப்பு ஏற்பாடு. தானாக நடக்க அனுமதி உள்ள ஒரே காரியம் அதுதான்.

திரை இருண்டது. நடுவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். சாய்மானத்தின் முகத்தை நேருக்கு நேர் பார்த்து, ரொம்ப மரியாதையாகச் சொன்னார்.

"பதிவு இல்லை. பதிவு இல்லாமல் விசாரணை இல்லை. விசாரணையே இல்லாதபோது வாதி வந்தார் என்று எழுத எனக்கு அதிகாரம் இல்லை. ஆகவே வாதி வரவில்லை. பிரதிவாதியும் வரவில்லை. அடுத்த வாய்தாவுக்காவது தவறாமல் வாருங்கள்."

"ஐயா, நான் இங்கதானே நிக்கிறேன்?"

"அது எனக்குத் தெரியும்" என்றார் நடுவர். "மன்றத்துக்குத் தெரியாது."

பத்து நாளில் வீட்டுக்கு நோட்டீஸ் வந்தது. வாதி வாய்தாவுக்கு வராமல் மன்றத்தின் நேரத்தை வீணாக்கியதற்குத் தகுந்த காரணம் காட்ட வேண்டும். சாய்மானம் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மறுபடி படியேறினார். மனு எழுதும் இடத்தில் இருந்த குமாஸ்தா, காய்ச்சல் என்று போடவா என்றார். நான் வந்திருந்தேனே என்றார் சாய்மானம். வந்திருந்தேன் என்பது வராமைக்குக் காரணமாகாது, அப்படி ஒரு கட்டமே இல்லை என்று குமாஸ்தா பொறுமையாக விளக்கினார். அவர் பார்த்த வரைக்கும் காய்ச்சல் நன்றாகப் போகுமாம். காய்ச்சல் என்று போட்டார்கள். அடுத்த தடவையும் திரை இருண்டது, அடுத்த தடவையும் அவர் வரவில்லை. ஒரே ஆளுக்கு இரண்டு காய்ச்சல் எடுபடாது என்று குமாஸ்தா மாமியாரின் மரணத்தைச் சிபாரிசு செய்தார். மூன்றாவது தடவையும் அதையே போட்டார்.

"எங்கம்மாவை எத்தனை தடவைங்க சாகடிப்பீங்க? ஒரு தடவை செத்ததே அவளுக்குப் போதும்" என்றாள் பெண்டாட்டி. பிறகு எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அந்த ஆம் என்கிறதை ஒருத்தர் ஒரு அமுக்கு அமுக்கினால் ஆயிற்று, அதற்கு எதற்கு இத்தனை பேருக்குச் சம்பளம் என்றாள். மன்றத்தில் இதைக் கேட்டுவிடலாமா என்று சாய்மானம் ஒருமுறை யோசித்தார். கேட்டாலும் கேட்டதாக ஆகாது என்று விட்டுவிட்டார்.

இதற்குள் காண்ட்ராக்டரே நொந்துபோனார். ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவர் வேலை கெட்டது. ஒருநாள் திரை இருண்ட பிறகு, கழிப்பறைப் பக்கத்து நடையில் சாய்மானத்தின் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

"யோவ், சுவரைப் பாத்துப் பாத்து எனக்குக் கழுத்தே சுளுக்கிப்போச்சு. பதினஞ்சாயிரம் தரேன். வாங்கிக்கிட்டு ஆளை விடு."

சாய்மானம் நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு மனக்கணக்குப் போட்டார். பல் செட்டுக்குப் போதும், மீதியும் கொஞ்சம் நிற்கும். சரி மொதலாளி என்றார். காண்ட்ராக்டர் உள்பையிலிருந்து நோட்டுக் கட்டை எடுத்து, எச்சில் தொட்டு எண்ண ஆரம்பித்தார். நோட்டுகள் கைமாறும் நேரம், நடையின் அந்தக் கோடியிலிருந்து அதிகாரியம்மாவும் பாதுகாப்பு அதிகாரியும் ஒன்றாக ஓடிவந்தார்கள். அவர்கள் ஒன்றாக எதையும் செய்து அந்தக் கட்டடத்தில் யாரும் பார்த்ததில்லை.

மன்றத்தில் நிலுவையில் உள்ள கடனைப் பதிவில்லாமல் அடைப்பது குற்றம் என்றார் அதிகாரியம்மா. அனுமதியில்லாத பரிமாற்றம் என்றார் அதிகாரி. அவர் கொடுக்கிறார், நான் வாங்குகிறேன், இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று சாய்மானம் கேட்டார்.

"மன்றத்துக்கு" என்றார்கள் இருவரும்.

பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லிப் பக்கத்திலேயே நின்று பார்த்தார்கள். ஒரு நோட்டு குறைந்தது. சாய்மானத்தின் விரலிடுக்கில் ஒட்டிக்கொண்டிருந்தது. அதையும் பிரித்துக் கொடுத்தார். காண்ட்ராக்டர் கட்டை உள்பையில் வைத்துப் பொத்தானைப் போட்டார். போடும்போதே அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. அன்றிலிருந்து அவர் ஒரு வாய்தாவையும் விடவில்லை. எல்லாருக்கும் முந்தி வந்து, சிரித்த முகத்தோடு சுவரைப் பார்த்து நின்றார். கழுத்துச் சுளுக்கு என்ற பேச்சே இல்லை. "எனக்கும் குடுத்துடணும்னுதான் ஆசை. சட்டம் விடலையே" என்று வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் வருத்தப்பட்டார்.

அடுத்து இரண்டு பிரிவுகளுக்கும் நடுவில் சமநிலை காண ஒரு குழு போட்டார்கள். குழு கூடும் நாள்களில் வாய்தா கிடையாது. சாய்மானம் அது தெரியாமல் வந்து நடையில் உட்கார்ந்திருப்பார். மூடிய கதவுக்குள் தேநீர் போகும், காலித் தம்ளர்கள் திரும்பும், மறுபடி தேநீர் போகும். பாதுகாப்பைக் கொஞ்சம் தளர்த்தலாமா என்று ஒரு நாள் முழுக்கப் பேசினார்களாம். கொஞ்சம் என்பது எவ்வளவு என்று அடுத்த நாள் முழுக்கப் பேசினார்களாம். எல்லாம் பியூன் சொன்னது. கடைசியில் ஒருநாள் அறைக்குள் எல்லாரையும் கூப்பிட்டு, திரைக்கு மாலை போட்டு, நடுவர் எழுந்து பேசினார்.

"பாதுகாப்பு வேண்டும் என்றால் பதிவு கெடுகிறது. பதிவு வேண்டும் என்றால் பாதுகாப்பு கெடுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் கத்தி மேல் நடப்பதுபோல நாங்கள் நடந்திருக்கிறோம். இனிமேல் இந்த மன்றத்தில் இரண்டு பிரிவுக்கும் தோல்வி கிடையாது. வந்திருக்கும் பொதுமக்களுக்கு இதைவிட என்ன நல்ல செய்தி இருக்க முடியும்?"

கை தட்டினார்கள். காண்ட்ராக்டர்தான் பலமாகத் தட்டினார். சாய்மானத்துக்கு ஒன்றும் பிடிபடவில்லை. வெளியே வந்து பியூனைக் கேட்டார்.

"ஒண்ணுமில்லண்ணே. கம்ப்யூட்டர் விடிஞ்சதும் தானா எழுந்துக்கும். யாரும் பாஸ்வேர்டு போடாத வரைக்கும் அதுல யாரும் வேலை செய்யல, அதனால ஆபத்தும் இல்லைன்னு கணக்கு. அப்பப் பதிவு தானா ஓடலாம். அது அந்தம்மாவுக்கு. சார் வந்து பாஸ்வேர்டு போட்டதும் பதிவு நின்னு, ஆமா இல்லையான்னு கேக்கும். அது சாருக்கு."

"அப்ப ஆபீஸர் இல்லாத நேரத்துல பதியும்."

"ஆமா."

"வந்ததும் நின்னுடும்."

"ஆமா."

"வழக்கு எப்ப நடக்கும்?"

"ஆபீஸர் வந்தப்புறம்தானே நடக்கும்?" என்றார் பியூன். சொல்லிவிட்டுத் தான் சொன்னதையே ஒரு நிமிஷம் யோசித்துப் பார்த்தார். பிறகு மணி அடித்ததால் உள்ளே போய்விட்டார்.

அந்த வாரம் இரண்டு செய்திகள் வந்தன. இன்னொரு முறை வராவிட்டால் மனு தள்ளுபடி என்று மன்றம் எழுதியிருந்தது. பல் கட்டுகிறவர் அலமாரியில் இடமில்லை என்றார். உங்கள் வீட்டம்மா வாய்க்குச் செய்தது வேறு யார் வாய்க்கும் ஆகாது, எனக்கும் பாவமாகத்தான் இருக்கிறது, சனிக்கிழமை வரைக்கும் பார்ப்பேன், அப்புறம் குப்பையில்தான் என்று சொல்லிவிட்டார். வாய்தா வெள்ளிக்கிழமை. பெண்டாட்டி அன்றைக்கு வாயைப் பொத்திக்கொண்டு ஒன்றும் வேடிக்கை பேசவில்லை. சட்டையைத் துவைத்துத் தேய்த்து வைத்தாள்.

வெள்ளிக்கிழமை சாய்மானம் முதல் பஸ்ஸைப் பிடித்தார். மன்றத்தில் பெருக்குகிற அம்மா மட்டும் இருந்தாள். வெளியே நல்ல மழை, நடையில் சாரல் அடித்தது. உள்ளே வந்து உட்காருங்கண்ணே, யாரும் கேட்கமாட்டார்கள் என்று விசாரணை அறையைத் திறந்துவிட்டாள். மைக்குகளுக்குக் கீழே ஒரு நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். அந்த அறையில் அவர் சுவரைப் பார்க்காமல் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். கூண்டுக்குள் ஒரு சின்னப் பச்சை விளக்கு எரிந்தது. பெரிய திரையை ராத்திரி அணைத்துவைப்பார்கள், அது கறுப்பாகவே இருந்தது. பச்சை விளக்கு என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாது. பெருக்குகிறவளுக்கும் தெரியாது.

"என்னண்ணே, உங்க கேஸ் இன்னும் முடியலையா? போன வருஷம் நான் வேலைக்குச் சேந்தப்பவே வந்துட்டிருந்தீங்க" என்று அவள் குனிந்து பெருக்கிக்கொண்டே கேட்டாள்.

யாரும் அவரை அப்படிக் கேட்டதில்லை. கேட்டதும் நெஞ்சில் இத்தனை நாள் அடைத்துக்கொண்டிருந்தது எல்லாம் ஓங்கரித்துக்கொண்டு வந்தது. படிக்கட்டு எச்சில், பூட்டின கழிப்பறை, நாய்க் கறை, செத்துச் செத்துப் பிழைத்த மாமியார், கைக்கு வந்து போய்விட்ட பதினைந்தாயிரம், எல்லாம்.

"சீ, என்ன கேஸும்மா. எனக்கு அந்தக் காசும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். அந்தக் காண்ட்ராக்டரே தின்னுட்டுப் போகட்டும். பதினெட்டாயிரத்து அறுநூத்தி நாப்பதும் அவனுக்கே இருக்கட்டும். என்னை விட்டாப் போதும்."

"அய்ய, அப்படிச் சொல்லாதீங்கண்ணே" என்றாள் அவள்.

அவர் மறுபடி வாயைத் திறந்தார். அதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு பாதுகாப்பு அதிகாரி வந்தார். குடையை உதறினார், கூண்டைத் திறந்தார், உறையை எடுத்தார். "சுவர் பார்த்து நிற்கவும்." பெருக்குகிறவள் விளக்குமாற்றோடு ஒரு சுவரைப் பார்த்து நின்றாள். சாய்மானம் தன் சுவருக்குப் போனார். டொக்கு டொக்கென்று சத்தம் கேட்டது. பச்சை விளக்கு அணைந்தது. நாய்க் கறையைப் பார்த்தபடியே அவர் விட்ட இடத்திலிருந்து சொல்லி முடித்தார்.

"சும்மா ஒரு ஆத்திரத்துல சொன்னேன்மா. விடுவேனா? அவ பல்லு அதுல இருக்கு. ஒரு காசு விடாம வாங்கிட்டுத்தான் போவேன்."

"அதான் சரி" என்றாள் அவள், தன் சுவரிடம்.

அன்று நடுவர் வந்து உட்கார்ந்ததும் அதிகாரியம்மா எழுந்தார். அவர் குரல் நடுங்கியது. முதல் முறையாக மன்றத்தில் ஒரு பதிவு கிடைத்திருக்கிறது என்றார். ஒரு விரலும் படாத பதிவு, இயந்திரம் தானே எழுந்து தானே எடுத்த பதிவு. பாதுகாப்பு அதிகாரியும் எழுந்து, அப்போது கம்ப்யூட்டரில் யாரும் இல்லை, முழுப் பாதுகாப்பு இருந்தது என்று உறுதி சொன்னார். இரண்டு பிரிவும் ஒத்துக்கொண்ட பதிவு என்றால் அதைவிடச் சுத்தமான சாட்சி உலகத்தில் கிடையாது என்றார் நடுவர். அதை ஓட்டிக் காட்டுவதற்கு விதி ஒன்றும் குறுக்கே நிற்கவில்லை. ஓட்டினார்கள்.

முதலில் மழைச் சத்தம். பிறகு சர் சர் என்று பெருக்கும் சத்தம். அதிகாரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். என்ன துல்லியம், என்ன துல்லியம் என்று நடுவர் தலையை ஆட்டினார். பிறகு சாய்மானத்தின் குரல் நாலு மூலையிலிருந்தும் வந்தது. சீ, என்ன கேஸும்மா. எனக்கு அந்தக் காசும் வேணாம்.

சாய்மானம் எழுந்தேவிட்டார். தொகை வரைக்கும் சுத்தமாகக் கேட்டது. அய்ய, அப்படிச் சொல்லாதீங்கண்ணே என்பதும் கேட்டது. அங்கே நின்றுவிட்டது.

"ஐயா, அதுக்கப்புறம் நான் மாத்திச் சொன்னேனே!"

"எங்கே சொன்னீர்கள்?"

"இங்கதான். அந்தச் சுவத்துக்கிட்ட."

"சுவர் இந்த மன்றத்தின் பதிவுக் கருவி அல்ல" என்றார் நடுவர்.

"அந்தம்மாவைக் கேளுங்க. இந்த ஆபீஸரைக் கேளுங்க, பக்கத்துலதானே நின்னாரு."

பாஸ்வேர்டு போடும்போது தன் காதில் எதுவும் விழாது, அப்படிப் பயிற்சி எடுத்திருக்கிறேன் என்றார் பாதுகாப்பு அதிகாரி. பெருக்குகிற அம்மாவைக் கூப்பிட்டு விசாரிக்கலாம்தான், ஆனால் விசாரிக்கப் பதிவு வேண்டும் என்றார் அதிகாரியம்மா. எல்லாரும் திரையைப் பார்த்தார்கள். அதில் 'அனுமதிக்கலாமா?' என்று கேட்டு முடித்துத் திரை இருண்டுகொண்டிருந்தது.

சாய்மானம் பேசினார். பல் செட்டைச் சொன்னார், நூல் கடித்ததைச் சொன்னார், நாளைக்குச் சனிக்கிழமை என்றார். அவர் ஆயுசிலேயே ஒரே மூச்சில் அவ்வளவு பேசியதில்லை. நடுவர் குறுக்கே பேசாமல் கடைசி வரை கேட்டார். கேட்டு முடித்து, நீங்கள் இப்போது பேசவில்லை என்று சொன்னார். பிறகு தீர்ப்பைப் படித்தார். வாதி தன் சொந்தக் குரலில், எவருடைய தூண்டுதலும் இல்லாமல், தொகையைத் தெளிவாகக் குறிப்பிட்டுக் கடனை விட்டுக்கொடுத்திருக்கிறார். கடன் தள்ளுபடி. வாய்தாவுக்கு வராமல் இருந்த குற்றங்களும் கருணையோடு மன்னிக்கப்படுகின்றன.

சமநிலை ஏற்பாட்டின் கீழ் முடிந்த முதல் வழக்கு என்பதால் போட்டோ எடுத்தார்கள். சாய்மானத்தை நடுவில் நிறுத்தி, இரண்டு பக்கமும் இரண்டு அதிகாரிகள் நின்றார்கள். நேராக நில்லுங்கள், நேராக நில்லுங்கள் என்று போட்டோ எடுப்பவர் இரண்டு தடவை சொன்னார். கையில் ஒரு சான்றிதழைக் கொடுத்தார்கள். 'கடன்: பதினெட்டாயிரத்து அறுநூற்று நாற்பது. நிலை: தீர்ந்தது.' அதற்கு முத்திரைக் கட்டணம் நாற்பது கட்ட வேண்டும் என்றார் குமாஸ்தா. சாய்மானத்தின் பையில் பஸ்ஸுக்கு மட்டும்தான் இருந்தது. காண்ட்ராக்டர் தோளில் கை போட்டார், இறங்கின தோளில்.

"நீ நகருய்யா, அதை நான் கட்டறேன். நமக்குள்ள என்ன? குடுக்க மாட்டேன்னு நான் ஒருநாளாவது சொல்லியிருக்கேனா? நீதான் வேணாம்னுட்ட."

அப்படியாகப் பதினெட்டாயிரத்து அறுநூற்று நாற்பதில் நாற்பது, காண்ட்ராக்டரிடமிருந்து வெளியே வந்தது. ஜன்னல் வழியாகக் குமாஸ்தாவிடம் போனது.

வீட்டுக்குப் போகிற வழியில் பல் கட்டுகிறவர் கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். சாய்மானம் அன்றைக்கு எதிர்ச் சாரியில் நடந்தார்.

பெண்டாட்டி வாசலிலேயே நின்றிருந்தாள். மாற்றுச் சேலை கட்டித் தயாராக இருந்தாள், கடை மூடுவதற்குள் போய்விடலாம் என்று.

"என்னங்க ஆச்சு?"

"கடன் தீந்துபோச்சு."

"குடுத்துட்டானா?"

"இல்ல. நான்தான் அவனுக்குக் குடுத்துட்டேனாம்."

உள்ளே போய் உட்கார்ந்து, மழை, பெருக்கினவள், பச்சை விளக்கு, சுவர் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். சான்றிதழையும் நீட்டினார். அவள் அதை வாங்கி, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, பெட்டி மேல் வைத்தாள். பல் பிடுங்கின நாளிலிருந்து பேசும்போதெல்லாம் வாயை மூடியிருக்கும் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு ஆரம்பித்தாள்.

நடுவரில் ஆரம்பித்து, அந்தம்மா, அந்த ஆபீஸர், அவன் கழுத்து அட்டை, அவன் உறை, அந்தக் கூண்டு, அதைச் செய்த கொல்லன், அந்தக் கட்டடத்துக்கு முதல் கல் வைத்தவன் என்று ஒருத்தரையும் விடவில்லை. வெறும் ஈறில் வார்த்தைகள் வழுக்கின, எச்சில் தெறித்தது. ஆனால் ஒன்றும் விளங்காமல் போகவில்லை. சில வார்த்தைகள் அவளுக்குத் தெரியும் என்பதே சாய்மானத்துக்கு அன்றுதான் தெரிந்தது.

அவர் எழுந்து போய்த் தெருப்பக்க ஜன்னலின் இரண்டு கதவையும் அகலத் திறந்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லு" என்றார். "இங்க ஆபீஸர் யாரும் இல்ல. எல்லாம் பதியும்."